பாடினவ பேர எங்க போட்டீங்க?

எங்கம்மா பாட்டு ஒன்று அச்சில் வந்திருக்கிறது. வந்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு வெளியே நடைபாதையில் போட்டிருந்த பழைய புத்தகக் குவியலில் கிண்டிக்கொண்டிருந்தபோது கையில் சிக்கியது. நாட்டார் பாடல் தொகுப்பு. அட்டையில் தொகுத்தவரின் பேர், பேருக்கு முன்னால் ‘முனைவர்’. உள்ளே உப்பளப் பாடல்கள் என்று ஒரு பகுதி. அதில் நாலாவது பாட்டு எங்கம்மாவுடையது. பாட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: ‘தகவலாளி – பெண், உப்பளக் கூலி, மரக்காணம்’.

தகவலாளி! பாத்தி மிதிக்கிற காலத்தில் இருபது பொம்பளைகளின் கால் ஒரே நேரத்தில் சேற்றில் விழவேண்டும் என்பதற்காக, பாதி எங்க ஆயா கட்டி மீதியை எங்கம்மா கட்டின பாட்டு அது. கட்டினவள் தகவலாளி, டேப்பில் எடுத்துக்கொண்டு போனவர் ஆசிரியர். இதுதான் இந்த நாட்டின் அறிவுலகம் தோழர்களே.

இது ஒரு அநியாயம் என்றால் இன்னொன்றும் உண்டு. அந்தப் பாட்டு அழுகிற பாட்டு இல்லை. கடைசி நாலு வரியில் மேஸ்திரியின் மீசையையும் அவர் ஓட்டிவந்த ஓட்டை சைக்கிளையும் கேலி பண்ணி, பொம்பளைங்க சிரித்துச் சிரித்துக் கால் தப்பிப்போகிற பாட்டு. அந்த நாலு வரியைக் காணோம். வெட்டிவிட்டு மேலே ‘துயரம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நாம் சிரித்தால் ஆய்வுக்கு உதவாது போலிருக்கிறது.

இப்போது நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். எழுத்தாளன் இல்லை, எந்த அமைப்பிலும் பொறுப்பில் இல்லை. ரசிகன். சின்ன வயசில் உப்பு வாரியிருக்கிறேன், மூட்டை தூக்கியிருக்கிறேன். ராத்திரி மூணு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் வாருபலகையோடு பாத்தியில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். வெயில் ஏறினபிறகு அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே எங்கப்பாவுக்குக் கண்ணு பூத்துப்போனது. 1991இல் உப்பளத்தை விட்டுவிட்டு கேசட் ரெக்கார்டிங் கடை போட்டேன். இப்போது அதே கடையில் ரீசார்ஜும் ஜெராக்ஸும். தன்வரலாறு, கட்டுரை, பாட்டு ஆல்பம் என்று கிடைப்பதை எல்லாம் படிப்பேன், கேட்பேன். எனக்குப் பிடித்ததைப் பிடிச்சிருக்குது என்பேன், பிடிக்காததை இல்லையென்பேன். அவ்வளவுதான் என் தகுதி.

சமீபத்தில் நம் தோழர்கள் நடத்திய ஒரு வாசிப்பு வட்டத்தில் இந்த ரசிகத்தனத்தோடுதான் பேசினேன். ‘கருக்கு’வில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்றேன். நடத்திய தோழர் குறுக்கிட்டார். “அது முக்கியம் இல்ல தோழர். அதுல ஒடுக்குமுறை எப்படி வெளிப்படுதுன்னு சொல்லுங்க” என்றார். அன்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பழைய புத்தகத்தைப் பார்த்த பிறகு மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கம்மாவின் நாலு வரியை வெட்டினவருக்கும் நம் தோழருக்கும் இந்த ஒரு விசயத்தில் என்ன வித்தியாசம்?

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பேரைத் திருடுவதில் நானும் கைதேர்ந்தவன். கடைக்கு வருகிறவர்கள் அறுபது நிமிச கேசட்டும் துண்டுச்சீட்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள். சீட்டில் ‘ரஜினி பாட்டு 6, மோகன் பாட்டு 4’ என்றிருக்கும். மோகன் எங்கே பாடினார்? பாடினவர் ஒருத்தர், எழுதினவர் ஒருத்தர், தவிலும் தபேலாவும் அடித்தவர்கள் யாரோ. நான் கேசட் அட்டையில் மோகன் ஹிட்ஸ் என்று எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வேன். அது மட்டுமில்லை. ‘மனுசங்கடா’ பாட்டு எங்க பக்கத்துச் சேரிகளில் கூட்டத்துக்குக் கூட்டம் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. கேட்டு வந்தவர்களுக்கு எத்தனையோ கேசட் பதிந்து கொடுத்திருக்கிறேன். அட்டையில் நான் எழுதினது ‘சேரிப் பாட்டு’. எழுதியவர் இன்குலாப் என்பது எனக்கே பல வருசம் கழித்துத்தான் தெரியும். கே.ஏ. குணசேகரன் பாடினதால் அவரே எழுதினது என்று நம்பி, வாதாடியும் இருக்கிறேன். 2016 ஜனவரியில் குணசேகரன் போனார், அதே வருசம் டிசம்பரில் இன்குலாப் போனார். ரெண்டு பேருக்கும் நான் ஒட்டின இரங்கல் சுவரொட்டியில்தான் ரெண்டு பேரையும் சரியாக எழுதினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆக, பேர் அழிப்பது என்பது ஏதோ கெட்ட ஒருத்தன் செய்கிற வேலை இல்லை. அது ஒரு ஏற்பாடு. உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்க பாத்தியில் விளைகிற உப்பு அம்பாரமாகக் குவிந்து, லாரி ஏறி, பாக்கெட்டாகும்போது பளபளவென்று ஒரு பேர் ஏறுகிறது. வாரினவள் பேர் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. சாதி என்பதே இதுதானே! உழைப்பை எடுத்துக்கொள், உழைத்தவனைத் தள்ளி நிறுத்து. பொருள் தீட்டில்லை, ஆள் தீட்டு.

சந்தேகமாக இருந்தால் டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் குடும்பக் கலை’யைப் படியுங்கள். ஆங்கிலத்தில் 2020இல் வந்து பிறகு தமிழுக்கும் வந்த புத்தகம். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றியது. மாட்டுத்தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, இழுத்துக் கட்டிச் சுருதி சேர்க்கிற கைகள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்களின் கைகள். தஞ்சாவூர் செபாஸ்டியனின் வழிவந்தவர்கள். பாலக்காடு மணி அய்யர் பேர் கர்நாடக சங்கீதம் கேட்காத எனக்கே தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பேர் இந்தப் புத்தகத்தைப் படிக்கும்வரை தெரியாது. நாதம் வேணும், தோலும் வேணும், தோலைத் தொட்டவன் மட்டும் சபாவுக்குப் பின்வாசல். அந்தப் புத்தகத்தை வெளியிட முதலில் இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில்தான் வெளியீடு நடந்தது. ஒரு பேரை உரக்கச் சொன்னால் எந்தக் கட்டடத்துக்குக் காய்ச்சல் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதில் இருக்கிற இரக்கம் இல்லை. வேலை இருக்கிறது. எந்தத் தோல் எந்தப் பக்கத்துக்கு, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தொழிலாளி சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். எழுதினவர் பார்ப்பனர் என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. ஆனாலும் அட்டையில் செபாஸ்டியன் பேரை ஏற்றினார். ‘தகவலாளி’ என்று போடவில்லை.

இனி பாட்டுக்கு வருகிறேன். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியது. பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து கூட்டின படை. அந்தப் பேரே அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கானா, ராப், பறை எல்லாம் ஒரே மேடையில். ரசிகனாகச் சொல்கிறேன், அவர்கள் பாட்டில் சிலது கூட்டத்தில் முழக்கம் போடுகிற மாதிரிதான் இருக்கும், ரெண்டாவது தடவை கேட்கத் தோணாது. ஆனால் கானா வருகிற இடத்தில் எல்லாம் உயிர் இருக்கிறது. சாவு வீட்டில் விடியவிடியப் பாடிப் பழகின தொண்டைக்கு ஒத்திகை வேண்டியதில்லை.

அந்தப் படையிலிருந்து வந்த அரக்கோணத்துப் பையன் அறிவு. 2021 மார்ச்சில் ‘என்ஜாயி எஞ்சாமி’ வந்தது. என் கடை வாசலில் அந்தப் பாட்டு ஒலிக்காத நாள் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிவந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை, நிலமில்லாதவர்களின் கதையை, அவன் பாட்டாக்கினான். உலகமே ஆடியது. அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டின் பேரைச் சொல்லி வேறு ரெண்டு பேர் படம் வந்தது. அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு, கூச்சல் எழுந்த பிறகு, அறிவுக்கு இணையத்தில் தனியாக ஓர் அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியது. அப்போதும் அறிவு இல்லை. அவர் வெளிநாட்டில் இருந்தார் என்றார்கள். இருக்கலாம். பாட்டை மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கினோம், வருவாயும் மூவருக்கும் சமம் என்றார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். 2024இல் அவரே, இந்தப் பாட்டால் எங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றும் சொன்னார். யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கை நான் தீர்க்க முடியாது, அந்த அறையில் நான் இருக்கவில்லை. என் கேள்வி வேறு. ஒவ்வொரு தடவையும் விட்டுப்போகிற பேர் ஏன் ஒரே பேராக இருக்கிறது? தற்செயல் என்றால் ஒரு தடவையாவது வேறு யார் பேராவது விட்டுப்போயிருக்க வேண்டாமா?

அதற்குப் பதிலாக அவன் 2024இல் போட்ட ஆல்பத்துக்கு வைத்த தலைப்பைப் பாருங்கள்: ‘வள்ளியம்மா பேராண்டி’. யார் பேர் விட்டுப்போனாலும் கிழவி பேர் விட்டுப்போகக் கூடாது என்று அட்டையிலேயே அறைந்துவிட்டான். அந்த ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சொல்லமாட்டேன். சிலதில் சத்தம் அதிகம், சொல் காதில் விழவில்லை. ஆனால் அந்தத் தலைப்புக்கே ஒரு கும்பிடு.

இளையராஜாவைப் பற்றிப் பேசாமல் கேசட் கடைக்காரன் பேச்சு முடியாது. என் கடை வாடகையில் முக்கால்வாசி அவர் போட்ட பாட்டில் கொடுத்தது. ‘ஹவ் டு நேம் இட்’ 1986லேயே வந்துவிட்டது. நான் கடை வைத்திருந்த காலம் முழுக்க அதைக் கேட்டு வந்தவர்கள் ரெண்டே ரெண்டு பேர், அதில் ஒருத்தர் பாங்க் மேனேஜர். அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு 2022இல் அவர் எழுதின முன்னுரையைப் படித்தபோது அன்று முழுக்க அவர் பாட்டைப் போடவில்லை. மறுநாள் போட்டுவிட்டேன், அது வேற விசயம். அவர் தன்னை எந்தப் பேரில் அழைத்துக்கொள்வது என்பது அவர் பாடு. ஆனால் 2017இல் என் பாட்டை அனுமதியில்லாமல் மேடையில் பாடாதீர்கள் என்று எஸ்.பி.பி.க்கு அவர் நோட்டீஸ் விட்டபோது இந்தத் தமிழ்நாடு பேசின பேச்சு இருக்கிறதே! பேராசை, கர்வம், நட்புக்குத் துரோகம். பெரிய கம்பெனி உரிமை கேட்டால் சட்டம். பண்ணைபுரத்தான் கேட்டால் பேராசையா? கூலிக்காரனின் பிள்ளை கணக்குக் கேட்கிற குரலைக் கேட்டுப் பழகாத காதுகள் அவை. உப்பளத்தில் எங்கப்பா மூட்டைக் கணக்குக் கேட்டபோதும் இதையேதான் சொன்னார்கள், ‘திமிர்’ என்று.

தன்வரலாறுகளில் எனக்கென்று ஒரு வரிசை உண்டு. பேராசிரியர்கள் போடுகிற வரிசை இல்லை. தமிழில் தலித் தன்வரலாறு 1992இல் பாமாவின் ‘கருக்கு’வோடு தொடங்கியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1939லேயே ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ எழுதி வெளியிட்டுவிட்டாரே! 1893இல் ‘பறையன்’ என்று தலையில் பேர் போட்டே பத்திரிகை நடத்தின மனுசன். எந்தச் சொல்லைச் சொல்லித் துரத்தினார்களோ அதையே அச்செழுத்தில் கோர்த்து விற்றார். நம்ம முன்னோர் பேரை நாமே விட்டுவிட்டு, அடுத்தவன் விட்டுவிட்டான் என்று கத்துவதில் என்ன நியாயம்?

‘கருக்கு’ படித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பொறாமை. இப்படிப் பேசுகிற மாதிரியே எழுதலாம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேனே என்று. அந்தப் புத்தகம் வந்தபிறகு அவர் ஊர்க்காரர்களே அவர்மேல் கோபப்பட்டார்கள். பிறகு அவர்களே பெருமைப்பட்டார்கள். பாமா என்பதும் அவர் தானே வைத்துக்கொண்ட பேர்தான். தன் பேரைத் தானே தேர்ந்தெடுப்பது வேறு, அடுத்தவன் அழிப்பது வேறு. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் 2002இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். நாவல் என்றார், ஆனால் அவர் வாழ்க்கைதான். ஒரே புதுப்பட்டி, ஒரே வீடு, ரெண்டு புத்தகம். தங்கச்சி குத்துவாள், அண்ணன் தன்னையே கிண்டலடித்துச் சிரிக்க வைப்பார். சிரிப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். 2024 நவம்பரில் அவர் போய்விட்டார்.

குணசேகரனின் ‘வடு’ 2005இல் வந்தது. பாண்டிச்சேரியில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மனுசன் பசியைப் பற்றி எழுதினால் எப்படி எழுதியிருக்கலாம்! அலட்டலே இல்லை. இளையான்குடியில் முஸ்லிம்கள் வீட்டில் கிடைத்த மரியாதையையும், சுற்று வட்டாரத்துச் சாதி இந்துக் கிராமங்களில் கிடைத்த அவமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். குறை என்றால் சட்டென்று முடிந்துவிடுகிறது. பாட்டுக்காரன் பாட்டு கற்றுக்கொண்ட கதையை இன்னும் நூறு பக்கம் எழுதியிருக்க வேண்டும். கன்னடத்துச் சித்தலிங்கையாவின் ‘ஊரும் சேரியும்’, அதை நம்ம விழுப்புரம் மாவட்டத்து வளவனூர்க்காரர் பாவண்ணன் தமிழாக்கினார். பஸ்ஸில் படித்துச் சத்தமாகச் சிரித்து, கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்தப் புத்தகங்களில் எல்லாம் சிரிப்பு இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, தீனி இருக்கிறது, வேலைத்திறமை இருக்கிறது. மதிப்புரை எழுதுகிற மேட்டுக்குடிக் கனவான்கள் எதை எடுக்கிறார்கள்? காயத்தை மட்டும். ‘நெஞ்சை உலுக்கும்’, ‘கண்ணீரில் நனைந்த’ என்று எழுதிவிட்டு மூக்கைச் சிந்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அழுதுவிட்டால் அவர்கள் பொறுப்பு தீர்ந்தது. எங்க உப்பளத்தைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கும் ஒரே ஒரு வரி வேண்டும். உப்பளத் தொழிலாளி செத்தால் உடம்பு எரியும், உப்பேறின கால் மட்டும் வேகாது என்ற வரி. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அது இருக்கும். எங்க சேரியில் புதைக்கிறதுதான் வழக்கம் அய்யா! எரிப்பதே இல்லை. அதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. வேகாத கால் அவர்களுக்கு அவ்வளவு அழகாக இருக்கிறது.

இது இன்று நேற்று வழக்கமும் இல்லை. அகநானூற்றில் அம்மூவனார் பாட்டில் உப்பு விற்கிற உமணப் பெண் ஒருத்தி வருகிறாள். கல்லூரியில் பாடமாக வைத்து அவள் கண்ணழகைப் பேசுகிறார்கள். பாடின புலவர் பேர் இருக்கிறது, அவள் பேர் இல்லை. அகப்பாட்டில் பேர் சொல்லக் கூடாது என்பது இலக்கணமாம். நல்ல இலக்கணம்!

எங்க பேர் அச்சில் வருகிற இடங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2013 ஏப்ரல் 25ஆம் தேதி மாமல்லபுரத்து வன்னியர் மாநாட்டுக்குப் போன கூட்டம் இந்த வழியாகப் போனபோது கட்டையன் தெருவில் நம் ஜனங்களின் வீடுகள் எரிந்தன. அப்போது பேர் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அப்பா பேர், இனிசியல் எல்லாம் சரியாக. எஃப்.ஐ.ஆரில், நிவாரணப் பட்டியலில், ரேசன் அட்டையில். எரிந்தால் பேர் உண்டு. பாடினால் பேர் இல்லை.

தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்கிறேன். மழை மாசத்தில் உப்பளத்துக்கு வேலை இல்லாதபோது நீங்கள் பாட்டுச் சேகரிக்க வருகிறீர்கள், வாருங்கள். வரும்போது பேரைக் கேளுங்கள். எப்படிப் போடவேண்டும் என்று கேளுங்கள், போடவேண்டாம் என்றால் விடுங்கள். பாட்டை முழுசாக எடுங்கள், மேஸ்திரி மீசை வரைக்கும். அச்சானதும் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுங்கள், படிக்கத் தெரியாவிட்டாலும் கொடுங்கள். பாட்டுக் கட்டினவளை ஆசிரியர் என்று போடுங்கள், நீங்கள் வேண்டுமானால் தகவலாளி என்று போட்டுக்கொள்ளுங்கள். ‘கருக்கு’வில் விளையாட்டு முக்கியம் இல்லை என்று சொன்ன தோழரும் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபப்படட்டும். கோபம் தீர்ந்தபிறகு அந்தப் பக்கங்களை இன்னொரு தடவை படிக்கட்டும்.

அந்தப் பழைய புத்தகத்தை எண்பது ரூபாய் கொடுத்து வாங்கிவந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்து என்றாள். வெட்டின நாலு வரியையும் அவளே பாடினாள். நடுவில் ஒரு வரி மறந்துபோச்சு, பாத்தி மிதிக்கிற மாதிரி ரெண்டு தடவை காலைத் தரையில் தட்டினாள், வந்துவிட்டது. போனில் பதிந்துவைத்திருக்கிறேன்.

ஊரான் புத்தகத்தில் பேர் இல்லை என்று இவ்வளவு பேசுகிறவன் நீ மட்டும் ஏன் உங்கம்மா பேரைப் போடவில்லை என்று கேட்பீர்கள். கேட்டேன். “எம் பாட்டு எந்தப் பொஸ்தகத்துல வருதோ அதுல போடச் சொல்லு. நீ சண்ட போடற பொஸ்தகத்துல எம்பேர ஏண்டா இழுக்குற” என்றாள்.